மழைநாள் வார்னிஷ்

எழுபத்தெட்டு வயதுத் தலைவரைக் கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் பொம்மையாக்கி, பிறந்தநாளுக்கு அவரிடமே கொடுக்கப்போகிறார் மாவட்டச் செயலாளர் மாசிலாமணி. பிடித்துப்போனால் தேர்தலில் சீட்டு உறுதி. கட்சி அலுவலகத்திலேயே உட்கார்ந்து, கன்னங்கரிய மீசையை மெல்லிய தூரிகையால் தீட்டி முடித்தாள் பொம்மைக்கு வண்ணம் பூச வந்த பொற்கொடி.

"வார்னிஷ் அடிச்சிரும்மா."

"மழை ஈரத்துல அடிச்சா வெளுத்துரும் சார்."

"தலைவர் இடிக்கே அஞ்சாதவரு, மழை என்ன பண்ணும்?" என்று டப்பாவைப் பிடுங்கித் தானே பீய்ச்சினார். பொம்மையின் வெள்ளை வேட்டி சட்டையில் ஒன்றும் தெரியவில்லை. தலையும் மீசையும்தான் கண்ணெதிரே நரைத்துப்போயின. மாசிலாமணி பொம்மையை மறைக்க இடம் தேடினார். அதற்குள் வாசலில் வேட்டுச் சத்தம்.

உள்ளே வந்த தலைவர் பொம்மையை எடுத்துப் பார்த்தார். கை தானாகத் தன் கன்னங்கரிய மீசைக்குப் போயிற்று.

"இது யார் யாருக்குய்யா தெரியும்?"