பலகையில் ஈரம்

கண்மாய்க்கு இருப்பது ஒரே படகு. கோடை வெயிலில் கிடந்து அதன் தளப்பலகைகள் விரிந்துவிட்டன. நேற்று மழையில் கண்மாய் நிரம்ப, மடை திறக்க முங்கிய சத்தியநேசன் இன்னும் மேலே வரவில்லை. அவனைத் தேடிப் போக இந்தப் படகு ஒழுகாமல் இருக்க வேண்டும். அவன் தம்பி ஜேசுதாசன் ராஜபாளையத்து மில்லின் கழிவுப் பஞ்சை எண்ணெயில் தோய்த்து, உளியால் இடுக்கில் திணித்து, காய்ச்சிய குங்கிலியப் பிசினை ஊற்றுகிறான். மழையில் நனைந்த பலகையில் அது பிடிக்காமல் குமிழியிட்டு உரிந்து வருகிறது. "அவசரத்துல ஈரத்தப் பாக்கலியேலே" என்கிறது கரையில் ஒரு குரல். சத்தியநேசனின் மனைவி சந்தனமேரி இரும்புச் சட்டியில் நெருப்புக் கங்கு அள்ளி வந்து பலகைக்கு மேலே பிடிக்கிறாள். ஈரம் ஆவியாக எழுந்து அவள் முகத்தை மூடுகிறது. "கை சுடும், தள்ளி உக்காருங்க மயினி" என்கிறான் ஜேசுதாசன். "நீ ஊத்து தம்பி." இந்தத் தடவை குங்கிலியம் கறுப்பாகப் படிந்து இறுகுகிறது. ஜேசுதாசன் பெருவிரலால் அழுத்திப் பார்க்கிறான், விரலில் ஒட்டவில்லை. படகைத் தண்ணீரில் தள்ளியதும் சந்தனமேரி முதல் ஆளாக ஏறி உட்காருகிறாள். அவனும் கம்போடு ஏற, தண்ணீர் படகின் விளிம்பைத் தொடுகிறது. "எம்புட்டு பேரத் தாங்கும் தம்பி?" அவன் அவளைப் பார்க்காமல் சொல்கிறான், "ரெண்டு பேரு." சந்தனமேரி பலகையைப் பிடித்து எழுகிறாள். "அப்ப ஒங்கண்ணன் வாரதுக்கு எடம் வேணும்ல" என்று சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள்.