ராகு காலம் முடியட்டும்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மனோஜ் இருந்தான். ஊர் புனே, வீடு சாங்வி. தளேகாவில் அவன் வேலை பார்த்த கம்பெனியை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். கைக்கு வந்த பணத்தை அவன் பேங்கில் போட்டானா? இல்லையே! அலிபாக் பக்கம் ஒரு கடற்கரையில் பழைய மீன்பிடிப் படகு ஒன்றை வாங்கிவிட்டான். மே மாத லீவுக்கு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கடலில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் குடும்பம் ஓடும் என்று நினைப்பு.

படகு கிடந்ததோ மணல் மேட்டில். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏறுகிற தண்ணீர் மட்டும்தான் அதைத் தொடும்.

"நாளைக்கு அமாவாசை. அதை விட்டா பௌர்ணமிதான் சாஹேப்," என்றான் படகை விற்ற தாமோதர். "பதினொன்றரைக்குத் தண்ணி உச்சத்துல நிக்கும். அப்புறம் இறங்கிடும்."

பௌர்ணமி என்றால் லீவில் பாதி போய்விடும். மனோஜுக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மணி பதினொன்று. அலை வந்து படகின் மூக்கை நனைத்தது. அடியில் உருட்டுக்கட்டைகள் போட்டாயிற்று. ஊர்க்காரர்கள் தோள் கொடுத்து நின்றார்கள்.

அப்போதுதான் தாமோதர் வீட்டுக்கு டீ குடிக்கப் போயிருந்த அம்மா மங்கையர்க்கரசி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடி வந்தாள்.

"மனோஜ்! நிறுத்துடா! யாரும் கை வைக்காதீங்க!"

"என்னம்மா?"

"ராகு காலம்! பன்னிரண்டு வரைக்கும் இருக்கு. முடியட்டும்."

மனோஜுக்குப் பகீரென்றது. தமிழ் காலண்டரை அவனுக்குப் படிக்க வராது. நல்லது கெட்டது எல்லாம் அம்மா சொன்னால்தான். அவள் கறிவேப்பிலை வாங்கக்கூட நேரம் பார்த்துத்தான் படியிறங்குவாள்.

"காலையிலேயே சொல்லக் கூடாதா?"

"இப்பத்தான் ஞாபகம் வந்தது."

"கடலுக்கு ராகு காலம் தெரியுமாம்மா? தண்ணி போயிடும்!"

"போனா போகட்டும். என் பிள்ளை ஏறப்போற படகு."

தோள் கொடுத்து நின்றவர்களில் ஒருவன் மராட்டியில் சொன்னான்: "நமக்கு ஆகாத அமாவாசையில இவங்க நல்ல காரியம் பண்ணுவாங்களாம். ராகு மட்டும் ஆகாதாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருஷமாகப் புனேயில் இருக்கிறவளுக்கு அது புரியாமல் இருக்குமா? புரிந்தது. நேராகப் போய்ப் படகுக்கு முன்னால் ஈர மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"தள்ளணும்னா என் மேல தள்ளுங்க."

"நீயாவது சொல்லேன்!" என்று தாமோதரைப் பார்த்துக் கத்தினான் மனோஜ். தாமோதரின் கண் கடல் பக்கமே இல்லை, ரோட்டுப் பக்கம் இருந்தது. விற்றாயிற்று, இனி அவனுக்கென்ன என்று பல்லைக் கடித்தான் மனோஜ்.

பதினொன்றரை. அலை அம்மாவின் இடுப்பு வரை நனைத்தது. எழுந்திருக்கவில்லை.

அடுத்த அலை அவ்வளவு தூரம் வரவில்லை. அதற்கடுத்தது இன்னும் கீழே நின்றது. போச்சு, எல்லாம் போச்சு.

ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பேர் கைத்தாங்கலாக ஒருவனை இறக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை, புதுக் கட்டு. "அண்ணா!" என்று தாமோதர் ஓடினான்.

அண்ணன்காரன் ஊன்றுகோல் மணலில் புதையப் புதைய வந்தான். படகின் மூக்கில் உள்ளங்கையை வைத்தான். பிறகு நெற்றியை வைத்தான். வெகுநேரம் அப்படியே நின்றான். பையிலிருந்து தேங்காயை எடுத்து உடைத்துக் கடலில் போட்டான்.

அம்மா எழுந்தாள். "முடிஞ்சுது. தள்ளுங்க!"

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. முதல் தள்ளில் படகு அசையவே இல்லை. இரண்டாவதில் உருட்டுக்கட்டை ஒன்று மடாரென்று உடைந்தது. மனோஜ் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் கொடுத்தான். எங்கிருந்தோ ஒரு பெரிய அலை வந்தது. படகைத் தூக்கியது. மிதந்தது!

மனோஜ் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டான். மனைவி ஸ்ரீவித்யா கோயம்புத்தூர்க்காரி.

"தள்ளியாச்சு வித்யா! இந்த ராகு காலத்தால கடைசி நிமிஷத்துல..."

"ராகு காலமுங்களா? இன்னைக்கு ஞாயித்துக்கிழமைங்க. சாயந்தரமில்லீங்களா ராகு காலம்?"

வெளியே அம்மா புடவையைப் பிழிந்துகொண்டு நின்றாள்.

"அம்மா, இன்னிக்கு ராகு காலம் சாயந்திரமாமே?"

"ஆமா."

"அப்புறம்?"

"தாமோதர் பெண்டாட்டி டீ போட்டுண்டே அழுதா. அவ மச்சினர் பதினெட்டு வருஷம் ஓட்டின படகாம். ஆஸ்பத்திரியிலேர்ந்து இன்னிக்குத்தான் விடறாளாம். கடைசியா ஒரு தடவை தொடணும்னாராம். வித்த பொருளை நிறுத்தி வைன்னு கேக்க அவாளுக்கு வாய் வரலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"ஒரு மனுஷனுக்காக நில்லுன்னா நின்னிருப்பியா?"

மனோஜ் கடலைப் பார்த்தான். அசட்டுச் சிரிப்போடு சொன்னான்: "போகட்டும். எப்படியோ கெட்ட நேரத்துல தள்ளலை இல்ல?"

அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பினாள். ஈரப் புடவைத் தலைப்பில் ஒரு ரூபாய்க் காசை வேண்டுதலாக முடிந்துகொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை பன்னிரண்டுக்கு மேல எமகண்டம்டா," என்று சொல்லிவிட்டு, அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.