ஒண்டுக் குடித்தனம்

"லினக்ஸை நேரா போடாதீங்க சார். இருக்கிற சிஸ்டத்துக்குள்ளயே, இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடணும்."

காக்கிச் சட்டைக்காரர் இப்படிச் சொன்னதும், மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டருக்கு வயது இருபதைத் தாண்டியிருக்கும். வெள்ளையாக வந்து பழுப்பாக மாறிய பெட்டி. ஸ்விட்சைப் போட்டால் மிக்ஸி மாதிரி ஒரு இரைச்சல். அது அடங்கித் திரையில் வெளிச்சம் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

"அண்ணே, லேசான லினக்ஸ் ஒண்ணு இருக்கு. பழசை அழிச்சுட்டு அதைப் போட்டா, இந்தக் கிழவனும் எழுந்து ஓடுவான். நீங்க கேக்கற மாதிரி விர்ச்சுவல் மெஷினாப் போட்டா, ஒண்டுக் குடித்தனத்துக்குள்ள இன்னொரு குடித்தனம் வச்ச மாதிரி. ரெண்டு பேருக்குமே மூச்சு முட்டும்."

"முட்டட்டும் சார். உள்ளயே போடுங்க."

"யாருக்கு இது?"

"என் சம்சாரத்துக்கு. வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். எட்டு மாசமா உடம்பு முடியாம லீவு. அதுக்குள்ள அங்க எல்லாத்தையும் விண்டோஸ்லேர்ந்து லினக்ஸுக்கு மாத்திட்டாங்க. இன்னும் பத்து நாள்ல போய் உக்காரணும். இல்லன்னா வேற ஆளை எடுத்துக்குவாங்களாம். அதுக்குள்ள வீட்ல பழகியாகணும்."

"வீட்ல வேற கம்ப்யூட்டரே இல்லையா?"

"இருக்கு. பையன் புது லேப்டாப் வாங்கிக் குடுத்தான். அதுலயும் லினக்ஸ்தான். பீரோ மேல ஏத்தி வச்சிட்டேன்."

"புதுசை பீரோ மேல ஏத்திட்டு, பொண்டாட்டிக்கு இந்தக் காயலாங்கடைச் சாமானா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். பஸ் டிரைவர். இந்த யோசனைகூட, பஸ்ஸில் முன் சீட்டில் வரும் ஒரு கம்ப்யூட்டர்காரரின் புலம்பலிலிருந்து பொறுக்கி எடுத்ததாம்.

மறுநாள் மத்தியானம் வேலை முடிந்தது. டிரைவரை எதிரில் உட்காரவைத்து, மெக்கானிக் 'வணக்கம்' என்று தட்டினான்.

திரையில் ஒன்றுமில்லை.

கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். 'வ' வந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு 'ண' வந்தது. மற்றவை மூட்டுவலிக்காரர் மாடிப்படி ஏறுவதுபோல ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

"பாத்தீங்களா லட்சணத்தை? நான்தான் அப்பவே தலை தலையா அடிச்சுக்கிட்டேனே."

திட்டப் போகிறார் என்று நினைத்தான். டிரைவரோ அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றி சார்! இதைவிடப் பிரமாதமா யாராலயும் செய்ய முடியாது. உயிர் இருக்கற வரைக்கும் மறக்க மாட்டேன்!"

கண்கூடக் கலங்கியிருந்தது.

பதினைந்து வருட சர்வீஸில், மெஷின் தவழ்வதற்காக நன்றி சொன்ன கஸ்டமரை மெக்கானிக் பார்த்ததே இல்லை. அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகுதான் அவனுக்குச் சுரீரென்றது.

ஆளுக்குப் பெண்டாட்டி வேலைக்குப் போவதில் இஷ்டமில்லை! வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லை. பழக விடாமல் செய்துவிட்டால், அந்தம்மா வெறுத்துப்போய்த் தானே நின்றுவிடுவார். நைசாகக் காரியத்தை முடிக்கிறார் மனுஷன். அதற்கு இவன் உடந்தை!

சரியாக எட்டாம் நாள் காலை, கடை வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றார்.

"தம்பி, பஸ் டிரைவர் வீட்டம்மா நான். நீங்க குடுத்த மவுஸ் கிளிக் ஆக மாட்டேங்குது. கேரண்டி இருக்குன்னாரு."

"உக்காருங்கம்மா, வேற தர்றேன்." வேறொரு மவுஸை எடுத்துக்கொண்டே மெதுவாகத் தூண்டில் போட்டான். "மெஷின் எப்படி ஓடுது?"

"ஓடுதா? நல்லாக் கேட்டீங்க, போங்க! நான் ஒரு எழுத்தைத் தட்டிட்டு, 'வாடா எருமை, வாடா'ன்னு திட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்க வீட்டுக்காரரும் பக்கத்துல உக்காந்து கூடச் சேர்ந்து திட்டறாரு."

என்ன நடிப்பு! மெக்கானிக் பல்லைக் கடித்தான்.

"அப்ப வேலைக்கு?"

"போறேனே! நாளைக்கழிச்சு. முதல் நாள் நாலு வரி அடிச்சேன் தம்பி. நேத்து ரெண்டு பக்கம்! நீங்க நல்லா இருக்கணும். அந்தப் புது லேப்டாப் முன்னாடி உக்காந்தாலே எனக்கு அழுகை வந்துடும். ஒரு கோடு கண்ணைச் சிமிட்டிக்கிட்டு, 'ம், அடுத்தது? அடுத்தது?'ன்னு எனக்காகவே காத்துக்கிட்டு நிக்கும். இதுகிட்ட அந்த வம்பே இல்ல."

இனியும் மறைப்பது பாவம் என்று பட்டது அவனுக்கு. ஒரு மணி நேர வேலை. பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, பழசை அழித்துவிட்டு லினக்ஸை நேராகப் போட்டுவிட்டால் பறக்கும்.

"அம்மா, அந்த மெஷினைப் பத்தி உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். முதல்ல இந்தக் கேரண்டிச் சீட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

அந்தம்மா இடது கையால் வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நடுவில் பேனாவைச் செருகினார். முதல் எழுத்தை அவர் முடிப்பதற்குள், வெளியே சிக்னல் விழுந்து, வண்டிகளெல்லாம் போய், மறுபடியும் சிவப்பு விழுந்துவிட்டது.

"சொல்லுங்க தம்பி," என்றார், அடுத்த எழுத்தைத் தொடங்கியபடி. "மெஷினைப் பத்தி என்னவோ உண்மைன்னீங்களே?"

மெக்கானிக் சீட்டு நகராமல் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அதுக்கு வயசாயிடுச்சும்மா. உங்க வேகத்துக்கு அதால ஈடு குடுக்க முடியாது. நீங்கதான் கொஞ்சம் பொறுத்துப் போகணும்."