வயிற்றெரிச்சல்

புங்கமரத்து நிழலில் புளியங்கொட்டைகள் தெறித்து விழுகின்றன. பாஞ்சாலை கல்லின் மேல் புளியை வைத்துக் கட்டையால் தட்டிக்கொண்டே பதில் சொல்கிறாள். எதிரே சம்மணமிட்டிருக்கும் சிவசங்கரி திருப்பத்தூர்க்காரி. வயிற்று நோய்க்கான கேள்வித்தாளைத் தமிழில் எழுதியவள் அவள்தான். மலை ஜனங்களுக்கு அது புரிகிறதா என்று பார்க்க வந்திருக்கிறாள். காலையிலிருந்து பதினோரு பேரைக் கேட்டாயிற்று. நான்காவது கேள்விக்கு மட்டும் அத்தனை பேரும் முறைத்துவிட்டு, இல்லை என்றார்கள். "போன மாசம் உங்களுக்கு எத்தன நாள் வயிற்றெரிச்சல் இருந்துச்சுங்க?" கட்டை அந்தரத்தில் நிற்கிறது. "எனக்கு இன்னாத்துக்குங்க வயித்தெரிச்சல்? கொழுந்தன் மாடி வூடு கட்டுறான். நல்லா இருக்கட்டும்னுதான் நெனைக்கிறேன்." சிவசங்கரிக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வருகின்றன. "ஐயோ, பொறாமை இல்லீங்க. சாப்ட்டதும் இங்க நெருப்பாட்டம்..." என்று மேல்வயிற்றைத் தொட்டுக் காட்டுகிறாள். "அதுவா? வயிறு காந்துதான்னு கேளுங்க. ரெண்டு வருசமா தெனம் காந்துது. பச்சத்தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்குறேன். யாரு கேட்டாங்க?" இலைகளுக்கு நடுவே இறங்கும் வெயில் காகிதத்தில் ஆடுகிறது. அவளும் சேர்த்துப் படித்தவர்கள் நாலு பேர் மூன்று மாதம் தேடிய சொல், ஒரு கல்லின் பக்கத்தில் கிடைத்திருக்கிறது. தன் சொல்லை அடித்துவிட்டு, 'காந்தல்' என்று எழுதுகிறாள். நன்றி சொல்ல வாயெடுத்தவள், அது போதாமல், புளி ஒட்டிய அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "காலைல மொறைச்ச பதினோரு பேரையும் மறுபடி கேக்கணும்க்கா." பாஞ்சாலை முந்தானையை உதறிக்கொண்டு எழுகிறாள். "இரும்மா, நானும் வர்றேன். தனியாப் போனா திரும்பவும் மொறைப்பாங்க."