யாரும் வராத விருந்து

மொட்டைமாடிச் சுவரில் யாரோ வைத்த சோற்றை வெறித்துக்கொண்டு காக்கை சும்மா உட்கார்ந்திருந்தது. பார்க்கப் பார்க்க அணிலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கூட்டத்தைக் கூப்பிட்டாத்தானே நீ சாப்பிடுவே? கூப்பிடேன்!"

"கூப்பிட்டு, யாரும் வரலைன்னா?"

"நேத்து தென்னைமரத்துக் காக்கைங்க சோத்துக்கு அவ்வளவு நேரம் கத்திக் கூப்பிட்டாங்களே, ஏன் போகலை?"

"என்னையா கூப்பிட்டாங்க? பொதுவாக் கூப்பிட்டாங்க."

அணில் தலையில் அடித்துக்கொண்டது. "ஒரே ஒரு தடவை கரைஞ்சு தொலையேன்!"

காக்கை அலகைத் திறந்தது. பக்கத்துத் தென்னையிலிருந்த நாலு காக்கைகள் ஆவலாக இந்தப் பக்கம் திரும்பின. உடனே மூடிக்கொண்டது.

"என் குரல் நல்லா இருக்காது."

வெயில் ஏறியது. சோறு காய்ந்து, எறும்பு மொய்த்தது. தென்னைக் காக்கைகள் காத்திருந்துவிட்டுப் பறந்துபோயின.

காக்கை பெருமூச்சு விட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல? ஒருத்தர்கூட வரலை, பாரு."