முழங்கையில் ஒட்டிய முப்பாட்டன்

வம்சாவளிச் சங்கத்தின் நூலகத்தில் மின்விசிறியைப் போடக் கூடாது. சுவரில் கொட்டை எழுத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஜன்னல் வெயில் விழும் நீள மேசை முழுக்க, பெயர் எழுதிய சீட்டுக்கு ஒருவராக முன்னோர்கள் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, உச்சியில் கிடக்கும் படைத்தலைவரைத் தன் மச்சானுக்குக் காட்டுகிறார். தன் தங்கையை இவருக்குக் கட்டிக்கொடுத்த நாள் முதலாய் "உங்க பரம்பரைல அப்படி யாருதான் இருந்தாங்க?" என்று குத்திக்காட்டும் அந்த மனிதருக்கு இன்றுதான் பதில் சிக்கியிருக்கிறது. காலையில் பழைய சிறைக் குறிப்புகளில் அகப்பட்ட குதிரைத் திருட்டு முப்பாட்டனை மட்டும் தபால்காரர் முழங்கைக்கு அடியில் அமுக்கி வைத்திருக்கிறார். "என்னா புழுக்கம் மாப்ளே!" என்று எழுந்த மச்சான் சுவிட்சைத் தட்டிவிடுகிறார். விசிறி கடகடவென்று சுற்ற, ஏழு தலைமுறையும் எழுந்து பறக்கிறது. கொள்ளுத்தாத்தா அலமாரி மேல் ஏறிக்கொள்கிறார். அவருடைய மனைவியர் இருவரும் ஆளுக்கொரு மூலைக்குப் போகிறார்கள். படைத்தலைவர் யாரையும் திரும்பிப் பார்க்காமல் ஜன்னல் வழியாக வெளியேறுகிறார். "ஐயோ, பெரியவங்கள மிதிச்சிடாதீங்க!" என்று நூலகர் அம்மா மேசைக்கடியில் தவழ்கிறார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் பாய்கிற தபால்காரரை மச்சான் பிடித்து நிறுத்துகிறார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி, வியர்வையில் முழங்கையோடு ஒட்டியிருக்கும் சீட்டை எழுத்தெழுத்தாகப் படிக்கிறார்.

"படைத்தலைவர் ஓடிட்டாரு மாப்ளே. இவருதான் உங்கள விடாம புடிச்சிக்கிட்டிருக்காரு. ரத்த பாசம்னா இதுதான்!"