மூன்றாவது இரை

கோடை விடுமுறை வந்தால் அக்கா வீட்டுக்காரருக்குக் கடற்கரைதான். அத்தானும் நானும் ஆளுக்கொரு தூண்டிலை மணலில் ஊன்றி, நுனியில் சின்ன மணியைக் கட்டிவிட்டு உட்காருவோம். மீன் கொத்தினால் மணி அடிக்கும். பத்து நிமிடம் அடிக்காவிட்டால் இழுத்து இரையை மாற்ற வேண்டும். அது அத்தானின் சட்டம்.

அன்று சாயங்காலம் வரை மணி அடிக்கவே இல்லை. நான் என் தூண்டிலை இழுத்தேன். முள்ளில் நான் குத்திய இறால் இல்லை. ஒரு சிகரெட் இருந்தது, கொஞ்சமும் நனையாமல்.

"நான் விட்டே ரெண்டு மாசமாச்சு. என்னை எவன்டா வம்புக்கு இழுக்கிறது?" அத்தான் சிரித்தபடி அதைத் தூக்கி எறிந்தார்.

மறுபடி இறால் குத்தி வீசினேன். பத்து நிமிடம் கழித்து ஒரு எலுமிச்சை மிட்டாய் வந்தது. அவருக்குச் சர்க்கரை என்று அக்கா ஒளித்துவைக்கும் அதே மிட்டாய். அத்தான் அதைத் தொடவில்லை, சிரிக்கவும் இல்லை.

"போதும் அத்தான், கிளம்பலாம்."

"இரு மச்சான், இன்னும் ஒரே ஒரு தடவை."

மூன்றாவது முறை தொப்பி வந்தது. போன கோடையில் இதே இடத்தில் காற்று பறித்துக்கொண்டு போன அவருடைய நீலத் தொப்பி. அதுவும் உலர்ந்திருந்தது.

"வேண்டாம் அத்தான், தொடாதீங்க!"

"என் தொப்பிடா இது." முள்ளிலிருந்து கழற்றித் தலையில் வைத்துக்கொண்டார்.

உடனே மணி அடித்தது.

அவர் தூண்டிலின் மணி அசையவில்லை. என்னுடையது என் கைக்குள் இருந்தது. சத்தம் கடலுக்குள்ளிருந்து வந்தது.